இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கான பழுது பார்க்கும் குறிப்பு

மூத்தவவுக்கு ஆறு வயது. சின்னவவுக்கு நாலு ஆக இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, ஆனால் கேட்டால் "அஞ்சு" என்பா. இடம் திருகோணமலை, கடலுக்குக் கிட்ட. கீழே உள்ளவை எங்கள் வீட்டில் அடிக்கடி வரும் பழுதுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறைகளும். மற்ற ஊர்களிலும் பெரும்பாலும் வேலை செய்யும், மான் விஷயத்தைத் தவிர.

தொடங்க முன் ஒன்று. ஒரு பிள்ளையை வைத்து எழுதப்பட்ட ஆலோசனைகள் இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் அரைவாசிதான் பலிக்கும். இங்கே பழுது ஒருத்தியில் தெரியும், காரணம் மற்றவவில் இருக்கும். சின்னவ அழுதால் சின்னவவைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அந்த நேரம் அக்காவின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் மூன்றைச் சோதியுங்கள்: பசியா, நித்திரையா, சூ (சிறுநீர்) வருகிறதா. "இல்லை" என்ற பதிலை நம்ப வேண்டாம். காலைப் பின்னிக்கொண்டு, துள்ளிக்கொண்டு, "எனக்குச் சூ வரேல்ல" என்று சொல்லும் பிள்ளைக்குச் சூ வருகிறது. மூன்றும் இல்லையென்றால் கீழே தேடுங்கள்.

"சப்பாத்து கடிக்குது"

பள்ளிக்கூட நாட்களில், ஓட்டோ வாசலில் நின்று ஹோன் அடிக்கும்போது மட்டும் வரும் பழுது. ஞாயிற்றுக்கிழமை வராது. மணி ஏழரைக்கு அடிக்கும், உங்களிடம் இருப்பதோ சில நிமிடங்கள்தான். ஆகவே ஒழுங்காகச் சோதிக்க வேண்டும்.

முதலில் கால் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டு. ஒரு ஸ்டிக்கரை நடுவால் வெட்டி, இடது பாதியை இடது சப்பாத்தின் உள்ளேயும் வலது பாதியை வலது சப்பாத்தின் உள்ளேயும் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கால் மாறியிருக்கிறது. பிள்ளையே கண்டுபிடிப்பா. எங்கள் வீட்டில் பூனைப் படம். பூனையின் முகம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளை போடும் சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிடும்.

அடுத்தது காலுறையின் தையல். அது விரல் நுனிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே போனால் நடக்க விடாது. அடுத்தது மண். திருகோணமலையில் மண் இல்லாத சப்பாத்து கடையில் மட்டும்தான் இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சப்பாத்து கடித்தால், அது சப்பாத்துப் பழுது அல்ல. திரும்பிப் பாருங்கள். சின்னவ இரவுச் சட்டையோடு, தலை கலைந்து, என் இடுப்பில் தொங்கிக்கொண்டு நிற்பா. அவவின் முன்பள்ளி பிந்தித்தான். "அவ மட்டும் வீட்டில நிக்கிறா!" என்பதுதான் உண்மையான முறைப்பாடு, கால் அதற்கு ஒரு சாட்டு. சின்னவவிடம் அக்காவின் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, கேற் வரைக்கும் காவ வையுங்கள். தங்கச்சிக்கும் வேலை இருக்கிறது என்று கண்டவுடன் சப்பாத்து கடிப்பதை நிறுத்திவிடும்.

"அக்காவுக்குக் கூட! எனக்குக் கொஞ்சம்!"

வீட்டில் அதிகமாக வரும் பழுது இது. அளந்து காட்டியும் சரிவராது. ஏன் என்பதற்கு நல்ல விளக்கம் உண்டு. சுவிஸ் நாட்டு உளவியலாளர் ஜீன் பியாஜே சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரேயளவு தண்ணீரை இரண்டு குவளையில் வைத்து, ஒன்றை ஒடுங்கிய உயரமான குவளைக்குள் மாற்றி ஊற்றிக் காட்டினார். கிட்டத்தட்ட ஏழு வயது வரைக்கும் பெரும்பாலான பிள்ளைகள், உயரமான குவளையில்தான் கூட இருக்கிறது என்று சொல்லுவார்கள். கண் முன்னே ஊற்றினாலும் அப்படித்தான். ஆகவே சின்னவ பொய் சொல்லவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. அவவுக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிகிறது. கரண்டியைக் காட்டி, "ரெண்டு பேருக்கும் ரெண்டு கரண்டிதான்" என்று விளக்குவது வாய்க்கு நட்டம்.

தீர்வு சுலபம். நெஸ்டமோல்ட்டைச் சின்னவவுக்கு ஒடுங்கிய, உயரமான கிளாசில் ஊற்றுங்கள். மாலுபாணை, அதாவது மீன் பணிஸை, பெரியவவுக்கு முழுசாகவும் சின்னவவுக்கு நாலு துண்டாகவும் கொடுங்கள். நாலு என்றால் நாலு, ஒன்று என்றால் ஒன்று. சின்னவ அன்று முழுக்கப் பணக்காரி.

ஆனால் பெரியவ ஏழு வயதை எட்டிக்கொண்டிருக்கிறா என்பதைக் கவனத்தில் வைத்திருங்கள். அவவுக்கு இப்போது சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் இருவருக்கும் தேங்காய் ரொபி ஒவ்வொரு கட்டி கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். திரும்பி வரும்போது சின்னவவின் கையில் பொடிப் பொடியாக நாலைந்து துண்டுகள், பெரியவவின் கையில் ஒன்றே முக்கால் கட்டி. சின்னவவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா எனக்கு நிறையத் தந்தவ!" என்று என்னிடம் வந்து காட்டினா. தன் கட்டியின் ஒரு மூலையை உடைத்துப் பொடியாக்கி, முழுக் கட்டிக்கு மாற்றியிருக்கிறா அக்கா. பறிக்கவில்லை, அடிக்கவில்லை, இரு தரப்புக்கும் சம்மதம். இதை எந்தச் சட்டத்தில் போட்டுத் தண்டிப்பது? பிள்ளைகளின் அப்பா பெரியவவைக் கூப்பிட்டு ஏசப் போனார், போனவர் சிரித்துவிட்டார். அதோடு வழக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு வைத்திருக்கும் சட்டம்: ஒருத்தி வெட்டுவா, மற்றவ முதலில் எடுப்பா. வெட்டுவது எப்போதும் பெரியவ. கேக், தோசை, வத்தகப்பழம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பெரியவ அடிமட்டத்தை வைத்துக் கேக் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். ஐஸ்பழத்துக்கு மட்டும் இது சரிவராது. அதற்கு ஒரே நிறம், ஒரே கடை, ஒரே நேரம். வேறு வழியில்லை.

சாப்பாட்டுப் பெட்டி காலி, ஆனால் வந்ததும் பசி. கேட்டால் "மான் தின்டிட்டுது"

வேறு ஊர் என்றால் விசாரிக்கவே தேவையில்லை. இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். புள்ளிமான்கள் பிரடெரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியிலும் மட்டுமல்ல, கடற்கரையிலும் தெருவிலும் மாடு போலத் திரிகின்றன. பணிஸ், பழத்தோல், காகிதம் என்று கண்டதையும் தின்னும். பொலித்தீன் பையைக்கூட விடாது. அது அவற்றுக்கு ஆபத்து என்பதால், மானைக் கண்டால் சாப்பாட்டுப் பையை மூடிப் பிடிக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஆகவே மானைச் சந்தேகிப்பது நியாயம்தான்.

சோதனை: பெட்டியின் மூடி பூட்டியிருக்கிறதா? மான் தின்றுவிட்டு மூடியைத் திருப்பிப் பூட்டாது. கரண்டி கழுவியிருக்கிறதா? அதுவும் மானின் பழக்கம் இல்லை. இரண்டும் ஒழுங்காக இருந்தால் இடியப்பம் போன இடம் பக்கத்து மேசை. அங்கிருந்து வந்தது ரோல்ஸ் அல்லது கட்லட், அதுவும் பாதிதான். அதனால்தான் பசி. ஏசாதீர்கள். அடுத்த நாள் இடியப்பத்துக்குப் பதில் ரொட்டி கொடுத்துப் பாருங்கள், மான் வராது.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தங்கச்சி கேட்டுக்கொண்டு நிற்பா. கேற் பூட்டியிருக்க, கதவு சாத்தியிருக்க, மேசையில் இருந்த பாலை மான் குடித்துவிட்டதாக மறுநாளே முறைப்பாடு வந்தது. பால் குரோட்டன் செடிக்கடியில் இருந்தது.

தலையைச் சொறிகிறார்கள்

ஒருத்தி சொறிந்தாலே இருவருக்கும் பேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும்தான். பேன் பாயாது, பறக்காது; தலையோடு தலை முட்டினால் நடந்து போகும். ஒரே தலையணையில் கிடந்து இரகசியம் கதைக்கும் அக்கா தங்கச்சிக்கு வேறென்ன வேண்டும்? ஊத்தையால் வருவது என்று சொல்லும் பெரியம்மாமாரைக் கண்டுகொள்ள வேண்டாம். சுத்தமான தலையும் பேனுக்குப் பிடிக்கும்.

அம்மம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தால் மரியாதையாக வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள். அது தோலைப் பொசுக்கும், தீப்பிடிக்கும். பிள்ளையின் தலையில் அதற்கு இடமில்லை.

செய்ய வேண்டியது: தலையை நனைத்து நிறையக் கண்டிஷனர் பூசுங்கள். அது வழுக்குவதால் சிக்கு எடுபடும், பேனும் ஓட முடியாது. பிறகு முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை பேன்சீப்பால் வாருங்கள். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே ஒருநாள் வாரிவிட்டு விட்டால் திரும்பவும் வரும். சில நாளுக்கொருமுறை, இரண்டு கிழமைக்குத் தொடர வேண்டும். ஃபார்மசியில் மருந்து வாங்கினாலும் ஒரு கிழமை கழித்து இரண்டாம் முறை போடச் சொல்லி எழுதியிருப்பது இதனால்தான்.

இவ்வளவும் எல்லோரும் சொல்லும் விஷயம். யாரும் சொல்லாத விஷயம், துணியில் விழுவதைப் பிள்ளைகள் எண்ணுவார்கள் என்பது.

பெரியவவின் தலை முதலில். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." என்று இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினொன்றில் முடிந்தது. பெரியவவுக்கு வகுப்பில் முதலாம் பிள்ளை வந்த சந்தோஷம். அடுத்து சின்னவ. நாலு. எவ்வளவு வாரியும் நாலுதான். கீழ் உதடு வெளியே வந்தது. "எனக்கு மட்டும் ஏன் கொஞ்சம்?" என்று தொடங்கி, வீடே கேட்க அழுகை. அக்காவின் பேனில் பாதியைத் தன் பக்கம் வைக்கச் சொல்லி நின்றா. அக்கா மாட்டேன் என்றா, "அது என்ட தலையில வளந்தது!"

உயரமான கிளாஸ் இதற்கு உதவாது. எங்களுக்குக் கைகொடுத்தது ஈர். சின்னவவின் காதுக்குப் பின்னால் இருந்த ஈர்களையும் கணக்கில் சேர்த்தோம். "உங்களுக்குக் குட்டியள் கூட இருக்கு பிள்ளை" என்று அம்மம்மா சொன்ன பிறகுதான் கண்ணீர் நின்றது. நீங்கள் செய்வதானால், துணியை உடனுக்குடன் சவர்க்காரத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். எண்ண விடாதீர்கள்.

மூக்குக்குள் ஏதோ போய்விட்டது

இது சிரிப்பில் முடியலாம், முடியாமலும் போகலாம். ஆகவே முதலில் கவனமாகச் செய்ய வேண்டியது.

போனது பொத்தான் பற்றரி அல்லது காந்தம் என்றால், அல்லது அப்படி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட, எதையும் முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பற்றரி சில மணி நேரத்திலேயே உள்ளே சதையை அரித்துவிடும். மணி, புளியங்கொட்டை போன்றவை என்றால் விரலாலோ கொண்டை ஊசியாலோ நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். தண்ணீரும் விடாதீர்கள், விதைகள் ஊறிப் பருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையிடம் பெரிய கொஞ்சல் ஒன்று தரப்போவதாகச் சொல்லுங்கள். அடைபடாத மூக்குத்துவாரத்தை விரலால் அமத்துங்கள். உங்கள் வாயைப் பிள்ளையின் வாயோடு காற்றுப் போகாதபடி வைத்து, மெதுவாக ஊதத் தொடங்கி, தடை தெரிந்தவுடன் சட்டென்று ஒரு ஊது. காற்று பின்பக்கத்தால் போய் சாமானை வெளியே தள்ளும். நூற்றுக்கு 60 தடவை அளவில் வேலை செய்யும் முறை இது; மருத்துவர்களும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றிரண்டு தடவைக்குள் வராவிட்டால் ஆஸ்பத்திரி. பிள்ளை சொல்லாமல் மறைத்திருந்தால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வருவதை வைத்துப் பிடிக்கலாம்.

சின்னவவின் மூக்கிலிருந்து புளியங்கொட்டை பறந்து போய்ச் சுவரில் பட்டது. எல்லோரும் கை தட்டினோம். அங்கேதான் அடுத்த பழுது பிறந்தது. அன்று பின்னேரமே பெரியவ, ஆறு வயதுப் பெரிய மனிசி, முதலாம் ஆண்டு படிக்கிறவ, மூக்கில் ஒரு மணியோடு வந்து நின்றா. "எனக்கும் அந்தக் கொஞ்சல் தாங்கோ." கொட்டை வெளியே வந்தால் கை தட்ட வேண்டாம். அழுகிறவவைத் தூக்கிக்கொண்டு, மற்றவவையும் சும்மா ஒரு காரணமும் இல்லாமல் கொஞ்சிவிடுங்கள்.

இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: கோவில் திருவிழாக் கடையில் வாங்கும் கச்சான் கொட்டையை (வேர்க்கடலை) ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்க வேண்டாம். மூச்சுக் குழாயில் அடைக்கும். இடித்துக் கொடுங்கள்.

கடலால் வந்தபின் தொட்டால் கத்துகிறார்கள்

மண்தான். ஈரத் தோலில் ஒட்டிய மண்ணைத் துவாயால் துடைத்தால் உரசும், கத்தத்தான் செய்வார்கள். காலிலும் கையிலும் பேபி பவுடர் அல்லது சோளமா தூவித் தடவுங்கள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ள மண் உதிர்ந்துவிடும். முகத்துக்குக் கிட்டப் போட வேண்டாம். வெள்ளையாகிவிட்ட இரண்டு பேரும் பேய் விளையாட்டுத் தொடங்குவார்கள். அதற்கு மருந்தில்லை.

மார்கழி மழையில் கடல் கொந்தளிக்கும்போது இந்தப் பழுது தானாகவே நின்றுவிடும். அதற்குப் பதில் "குளிருது, குளிக்க மாட்டன்" வரும். சுடுதண்ணீர் வைக்கலாம்தான், ஆனால் ஒருமுறை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போனவர்களுக்கு அதுவும் தலையிடி. அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். எங்கள் வீட்டில் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இது அந்த மூண்டாம் கிணத்துச் சூடு இல்ல" என்று திருப்பி அனுப்புவார்கள். இராவணன் தன் அம்மாவின் கிரியைக்காக வாளால் குத்தி எடுத்த கிணறுகள் என்று கதை சொன்னபோது பெரியவ கேட்டது ஒரே கேள்வி: "ஏழையும் அவரே குத்தினவரா, இல்லாட்டித் தங்கச்சிக்கும் ஒண்டு குடுத்தவரா?" சூர்ப்பனகை பக்கம் யோசித்த ஒரே ஆள் அவவாகத்தான் இருக்கும்.

படுக்கப் போனபின் படுக்கிறார்கள் இல்லை

மூன்று முதல் ஐந்து வயதுக்கு, பகல் நித்திரையையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12. காலை ஆறுக்கு எழுப்ப வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்காவது விளக்கு அணைய வேண்டும். கணக்கு இது. நடப்பது தண்ணி, சூ, கதை, திரும்பவும் தண்ணி.

தண்ணீரையும் சூவையும் கதைக்கு முன் முடியுங்கள். கதைக்குப் பிறகு எதுவும் இல்லை. கதையை அப்பாவிடம் விட்டால் அவர்தான் முதலில் உறங்குவார், கண் இமையைத் தூக்கிப் பார்த்து "அப்பா, பிறகு நரி என்ன செய்தது?" என்பார்கள்.

பெரிய வழக்கு, அம்மாவின் பக்கத்தில் யார் என்பது. நடுவில் படுங்கள். அதற்கும் முறைப்பாடு வரும்: "அம்மா அக்காவின்ட பக்கம் பாக்கிறா!" அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம். ஆகவே நிமிர்ந்து படுத்து மின்விசிறியைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெக்கையில், கரண்டும் போனால் மின்விசிறியும் சுத்தாது, ஆனாலும் அதையே பாருங்கள்.

வெகு நேரமாகச் சத்தமே இல்லை

ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் இது சிவராத்திரிக்குப் பிறகுதான் கூடுதல். கோணேசர் நகர்வலம் வந்து போனால் இவர்களுக்கும் நகர்வலம் வேண்டும். ஃபேன் வந்த பெட்டி தேர், பஞ்சுக் கரடி சுவாமி, புட்டுக் குழல் நாதஸ்வரம். அதெல்லாம் சத்தத்தோடு நடக்கும், பயமில்லை. சத்தம் நின்றால் அபிஷேகம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அபிஷேகத்துக்கு டின் பால், தேங்காய் எண்ணெய், மஞ்சள் தூள். ஐயர் பெரியவ, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. சின்னவ அடியார், கையேந்தித் தீர்த்தம் வாங்கி நக்கிக்கொண்டிருப்பா. இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் ஒன்றாக ஒரு வேலை செய்வது அநேகமாக இந்த நேரத்தில் மட்டும்தான். ஆகவே கத்த முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒழுங்கு இது: முதலில் கரடி வெளியே, எறும்பு வர முன். டின் பாலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்தால் கழன்றுவிடும். எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம். வெள்ளைச் சட்டையில் மஞ்சளுக்குச் சவர்க்காரம் போட்டதும் கறை இரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், சவர்க்காரத்தின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். அந்த மஞ்சளை எடுப்பது வெயில். ஈரத்தோடு கொடியில் நேர் வெயிலில் போடுங்கள், ஓரிரு நாளில் வெளிறிவிடும். நாளைக்கே அந்தச் சட்டை தேவையென்றால் பெரியவவிடம் கேட்காதீர்கள், "அது பிரசாதம் அம்மா, தோய்க்கக் கூடாது" என்பா. மற்றச் சட்டையை மினுக்கி வையுங்கள்.